தோளில் ஏறிய கதைகள்

வல்லை வெளிக்கு ஒரு முனி. யாழ்ப்பாணக் கோட்டை அகழியோரம் இன்னொரு முனி. பிள்ளைப்பேறு நடந்த வீட்டுக்குக் கொத்தி. எங்கள் ஊர்ப் பாழ்கிணற்றுக்கு நனைந்த சேலையோடு ஒரு பெண். வயற்கரை ஆலமரத்துக்குப் பெயர் சொல்லக்கூடாத ஒருவர். குடாநாட்டுப் பேய்களுக்கு இடம் உண்டு, எல்லை உண்டு, நேரமும் உண்டு. உச்சிப்பொழுதில் உலவுவது கருக்கலில் வராது. கிணற்றடியில் நிற்பது வயலுக்குப் போகாது. ஒன்றின் கதைக்குள் மற்றது தலைகாட்டாது.

வல்லை வெளியை இரவில் கடந்தவர்களுக்கு இந்த ஒழுங்கு நன்றாகத் தெரியும். அச்சுவேலியை விட்டால் நெல்லியடிப் பக்கம் போய்ச் சேரும்வரை வெறும் வெளி. நீரேரிக் காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். முனியப்பர் கோயிலடியில் நின்று, கற்பூரம் கொளுத்தி, திருநீறு பூசிக்கொண்டுதான் மிச்ச வழி போவார்கள். இறைச்சிக் கறியோ பொரித்த மீனோ கொண்டுபோகிறவர்கள் பொதிக்கு மேலே ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் வைப்பார்கள். பிள்ளைகள் நாங்கள் கந்தசஷ்டி கவசத்தில் பேய்களின் பெயர் வரும் இடத்தை மட்டும் உரத்துச் சொல்வோம்.

அம்மம்மா அந்தக் கதைகளை விறாந்தையில் இருந்து, பாக்கு இடித்துக்கொண்டே சொல்லுவா. ஓர் இரவுக்கு ஒரு கதைதான். இன்னொன்று கேட்டு அடம்பிடித்தால் பாக்குரல் ஒரு கணம் நிற்கும்.

“ஒரு நாளைக்கு ஒண்டுதான் மோனை. ரெண்டைச் சேர்த்துச் சொன்னா முதல் வந்தது கோவிச்சுக்கொண்டு போயிடும்.”

செத்தவர்களுக்குக் கோபம் வரும் என்றோ, அந்தக் கோபத்துக்கு மரியாதை தரவேண்டும் என்றோ பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகள் கிணற்றை எட்டிப் பார்க்காமல் இருக்கவும், வெயிலில் வெளியே அலையாமல் இருக்கவும் கட்டிய கதைகள் இவை என்றுதான் வாத்தியார் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அம்மம்மா எங்களை மிரட்டுவதற்காகக் கதை சொன்னதில்லை. கிணற்றில் விழுந்தவளின் பெயரைச் சொல்லுவா, அவள் என்ன பூ வைத்திருந்தாள் என்று சொல்லுவா, அவளுக்கு யார் என்ன செய்தார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுவா. பேய் வருவதற்குள் நாங்கள் அந்தப் பெண்ணுக்காக அழத் தொடங்கியிருப்போம்.

எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியதும் அம்மம்மாவின் இடத்துக்கு வேதாளம் வந்தது. ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில் பத்திரிகைகள் நீண்ட மேசையில் கிடக்கும். மூலை அலுமாரியில் பழைய அம்புலிமாமா இதழ்களைச் சேர்த்துக் கட்டிய தடித்த புத்தகங்கள் இருந்தன. 1947 யூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் தொடங்கிய இதழ் அது. தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. பிறகு இந்தியாவின் பல மொழிகளுக்குப் போனது. சிங்களத்திலும் ஒரு பதிப்பு வந்தது.

அதில் நாங்கள் முதலில் புரட்டுவது ஒரே பக்கத்தைத்தான். சங்கர் வரைந்த படம்: உருவிய வாளோடு அரசன் நடக்கிறான், தோளில் ஒரு சவம், சவத்துக்கு மேலே வேதாளத்தின் வெளிறிய உருவம், சுற்றிலும் மண்டையோடுகளும் பாம்புகளும் இலையில்லாத கொப்புகளும். கே.சி. சிவசங்கரன் என்ற அந்த ஓவியர் 2020இல் தமது 96ஆவது வயதில் மறைந்தபோது, முகநூலில் என் வயதுக்காரர் பலர் அந்த ஒரு படத்தைத்தான் போட்டார்கள். பாரிசிலிருந்தும் இலண்டனிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஒரே அரசன், ஒரே சவம்.

தொடர் என்று பெயர். ஆனால் போன மாதக் கதை தெரியாமலே இந்த மாதக் கதையை வாசிக்கலாம். அரசன் மரத்தில் ஏறுகிறான், சவத்தை இறக்குகிறான், சுடலையை நோக்கி நடக்கிறான். வழியில் சவத்துக்குள் இருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்கிறது. கதை முடிவில் ஒரு கேள்வி. விடை தெரிந்தும் பேசாமல் இருந்தால் அரசனின் தலை சுக்குநூறாகும். பேசினால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். காசுமீரத்தில் 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்துக்குள் இந்தக் கதைகள் 25 இருக்கின்றன. அம்புலிமாமா அந்த 25ஓடு நிற்கவில்லை. மாதம் ஒன்றாகப் புதிது புதிதாக எழுதி, வேதாளத்தைப் பல பத்தாண்டுகள் முருங்கையில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தது.

வாசிகசாலையில் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் ஒன்று கிடந்தது. தலை மாறிய கதையை அதில்தான் வாசித்தோம். ஒருத்தியின் கணவனும் தமையனும் அம்மன் கோயிலில் தங்கள் தலையைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள். அம்மன் இரங்கி, தலைகளை உடல்களோடு பொருத்தச் சொல்கிறாள். பதற்றத்தில் அந்தப் பெண் தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறாள். இருவரும் உயிரோடு எழுகிறார்கள். இப்போது யார் அவளுடைய கணவன்? கேள்வி இருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது.

அந்த ஓட்டை எங்களுக்குப் பல பின்னேரங்களைத் தந்தது. தலைதான் ஆள் என்று ஒரு பக்கம். தாலி கட்டிய கை எதுவோ அதுதான் புருசன் என்று இன்னொரு பக்கம். கரம் விளையாடிக்கொண்டிருந்த அண்ணன்மாரும் வந்து சேர்ந்தார்கள். தலைக்கே முதன்மை என்பதுதான் அரசனின் விடை என்று பின்னாளில் வாசித்தேன். தோமஸ் மான் 1940இல் இதைக் குறுநாவலாக்கினார். கிரீஷ் கர்னாட்டின் ‘ஹயவதனா’ நாடகமும் இங்கிருந்து கிளைத்ததுதான். ஆனால் விடையில்லாத புத்தகம் தந்த சூடு விடையுள்ள எந்தப் பதிப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை. செத்தவன் வாயிலிருந்து வந்த ஒரு கேள்விக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பதில் சொல்ல முயன்ற பின்னேரங்கள் அவை.

பிறகு சண்டை. 1990 யூனில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் மருந்துபோல அளந்து வாங்கும் பொருளானது. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு எண்ணெய், கம்பியில் கோர்த்த திரி. போத்தல் கண்ணாடி காற்றை மறைத்துக்கொள்ளும். அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறையே சோதனைக்குப் படித்தது. பாடம் முடிந்து எண்ணெய் மிச்சம் இருந்தால் வேதாளத்துக்கு ஒரு கதை. வெளிச்சம் புத்தகத்தின் ஒரு பத்தியில்தான் விழும். அரசன் தெரியும்போது மரம் இருட்டில் இருக்கும், மரத்துக்கு விளக்கை நகர்த்தினால் அரசன் இருட்டுக்குள் போய்விடுவான்.

வானத்தில் குண்டுவீச்சு விமானமும் வளவில் பங்கரும் இருக்கையில் பேய்க் கதை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எங்களுக்கு அது வேண்டியிருந்தது. ஷெல்லுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை; யார் வீட்டில், எந்த நேரத்தில் என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. வேதாளத்தின் பயத்துக்கு நாலு பக்கம்தான். தொடங்கும், வளரும், கேள்வியாக மாறும், முடியும். முடிந்த பிறகு விளக்கை ஊதிவிட்டுப் படுக்கலாம். முடிவுள்ள ஒரு பயத்தைக் கையில் வைத்துப் பழகியது முடிவில்லாத பயத்தைத் தாங்குவதற்கு உதவியது. இதை எந்த உளவியல் நூலையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அந்தப் போத்தல் விளக்கடியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

விளக்கும் கதையும் சேர்ந்த ஒரு பழக்கம் யப்பானில் இருந்தது என்று வெகுகாலம் கழித்து அறிந்தேன். எடோ காலத்தில் கூடியிருந்து நூறு பேய்க் கதைகள் சொல்வார்களாம். நூறு திரிகள் எரியும். ஒரு கதை முடிந்ததும் ஒரு திரியை அணைப்பார்கள். நூறாவதும் அணைந்து முழு இருட்டானால் உண்மையாகவே ஏதோ வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பலர் தொண்ணூற்றொன்பதோடு நிறுத்திக்கொள்வார்களாம். ஒரு கதைக்கு ஒரு திரி என்று அவர்கள் எண்ணியதை வாசித்தபோது அம்மம்மாவின் பாக்குரல் ஓசைதான் காதில் கேட்டது. கதைகளைக் குவிக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனி வெளிச்சமும் தனி இருட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

இதை எனக்குச் சொன்னவள் என் பெறாமகள். ரொறன்ரோவில் பிறந்தவள். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது அவளுடைய பையில் சிகெரு மிசுகியின் ‘கிதாரோ’ மங்கா ஆங்கிலத்தில் இருந்தது. “சித்தப்பா, இது ஒவ்வொண்டும் வேற வேற கதை. எங்கேயிருந்தும் தொடங்கலாம்” என்று நீட்டினாள். மாமரத்தடியில் கதிரை போட்டு வாசிக்கத் தொடங்கினேன்.

கிதாரோ ஆவிக் குலத்தின் கடைசிப் பிள்ளை. செத்துப் புதைக்கப்பட்ட தாயின் வயிற்றிலிருந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு இடுகாட்டில் பிறக்கிறான். ஒரு கண் இல்லை. செத்துப்போன தகப்பனின் கண்விழி மட்டும் பிள்ளையை விட்டுப் போக மனமில்லாமல் கையும் காலும் முளைத்து அவனோடு வாழ்கிறது. கிண்ணத்தில் இறங்கிக் குளிக்கிறது. மகனுக்குப் புத்தி சொல்கிறது. ஒவ்வொரு கதையிலும் புதிதாக ஒரு பேய்; கிதாரோ மனிதருக்கும் அதற்கும் நடுவில் போய் நிற்கிறான். 1960இல் வாடகைப் புத்தகங்களுக்காக மிசுகி வரையத் தொடங்கிய கதை, 1965இலிருந்து பெரிய வார இதழில் வந்தது. 1968இல் தொலைக்காட்சிக்குப் போனது.

கதைகளைவிட மிசுகியின் வாழ்க்கை என்னை உலுப்பியது. இரண்டாம் உலகப் போரில் படையில் சேர்க்கப்பட்டு, நியூ பிரிட்டன் தீவின் ரபவுலுக்கு அனுப்பப்பட்டவர். அவருடைய பிரிவு தாக்குதலில் அழிந்தது. அவர் தப்பி வந்தார். பிறகு மலேரியாவில் கிடந்தபோது குண்டுவீச்சில் இடக்கையை இழந்தார். மிஞ்சிய ஒற்றைக் கையால்தான் அத்தனை ஆயிரம் பக்கங்களும். 2015இல் மறையும்வரை போரையும் பேயையும் மாறி மாறி வரைந்துகொண்டிருந்தார்.

அவருக்கும் ஓர் அம்மம்மா இருந்தா. சொந்தக் கிழவியல்ல, சகாய்மினாட்டோ என்ற துறைமுக ஊரில் அவருடைய சிறுவயதில் வீட்டுக்கு வந்துபோன ஏழை மூதாட்டி. நொன்நொன்பா என்று பிள்ளைகள் அழைத்தார்கள். குளியலறை அழுக்கை நக்கும் பேய், இரவு வழியில் பின்னால் காலடி ஓசையாக மட்டும் வரும் பேய் என்று ஒவ்வொன்றின் பெயரையும் பழக்கத்தையும் அவதான் சொல்லிக் கொடுத்தா. மிசுகி 1977இல் அவவின் பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினார். அதை ஒட்டி வரைந்த மங்காவுக்கு 2007இல் பிரான்சின் அங்கூலேம் விழாவில் முதற்பரிசு கிடைத்தது. இன்று சகாய்மினாட்டோவில் ஒரு தெரு முழுக்கப் பேய்களின் வெண்கலச் சிலைகள், 170க்கு மேல். ஓர் ஏழைக் கிழவியின் வாய்க்குள் இருந்தவற்றை ஓர் ஊர் தன் முகமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அதை வாசித்த பின்னேரம், அம்மம்மாவின் கதைகள் எங்கே போயின என்று நினைத்துப் பார்த்தேன். பாழ்கிணற்றுப் பெண்ணின் கதையை அவவுக்குப் பிறகு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்த ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. போர் முடிந்த பிறகு காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டபோது சனம் போய்ப் பார்த்தது. கூரையில்லாத வீடு, அறைக்குள் வளர்ந்த ஆலமரம், எங்கே இருந்தது என்று அடையாளம் பிடிக்க முடியாத கிணறு. ஊரே இடம்மாறினால் ஊர்ப் பேய்களின் எல்லைக்கு யார் சாட்சி? அறைக்குள் நிற்கும் ஆலமரத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல அங்கே ஒரு கிழவியும் மிஞ்சவில்லை.

எங்கள் அம்மம்மா கடைசியாக வீட்டை விட்டு நடந்தது 1995 ஒக்ரோபர் 30 இரவு. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. மழை. சைக்கிள் கரியரில் அரிசிச் சாக்கு, கோழிக் கூடு, தோளில் பிள்ளை. கூட்டம் அங்குலம் அங்குலமாக நகர்ந்து செம்மணி வெளியைக் கடந்து நாவற்குழிப் பாலத்துக்குப் போனது. இரவில் தனியாக யாரும் கால் வைக்காத சுடலை வெளி அது. நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து அம்மம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா.

“நட மோனை. இவ்வளவு சனத்தைக் கண்டா அதுகளும் ஒதுங்கித்தான் நிக்கும்.”

அடுத்த சில வருடங்களில் செம்மணிக்கு வேறு கதைகள் வந்தன. 1998இல், மாணவி கிருசாந்தி குமாரசாமி கொலை வழக்கில் மரணதண்டனை விதிக்கப்பட்ட இராணுவச் சிப்பாய் ஒருவர், 300 முதல் 400 பேர்வரை அங்கே புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டினார்கள், 15 எலும்புக்கூடுகள் எடுத்தார்கள், மூடினார்கள். 2025இல் செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது மறுபடியும் எலும்புகள் தெரிந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்ந்தபோது 200க்கு மேல். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். ஒரு பிள்ளையின் எலும்புகளோடு பள்ளிப் பை ஒன்றும் பொம்மையும் வந்தன.

அந்தச் செய்தியை வாசித்த நாளிலிருந்து சங்கரின் படத்தை என்னால் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை. சுடலை, சவம், தோள், கேள்வி. எல்லாம் இருந்தது அங்கே. செத்தவர் வாய் திறந்தால் முதலில் ஒரு கதை சொல்வார், பிறகு கேள்வி கேட்பார், விடை தெரிந்தவர் வாய் திறக்காமல் தப்ப முடியாது என்று ஆயிரம் ஆண்டுப் பழைய கதை சொல்லிவைத்திருக்கிறது. அதைச் சிறுவயதில் நாங்கள் விளையாட்டாகப் படித்தோம். அதே படத்தைச் சிங்களப் பதிப்பில் பார்த்த பிள்ளைகளும் தெற்கில் வளர்ந்து பெரியவர்களாகியிருப்பார்கள். வேதாளத்தின் விதி அவர்களுக்கும் தெரியும்.

அகழ்வில் எடுத்த ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் இடுகிறார்கள். சட்டத்துக்கு அது வேண்டும். ஆனால் செய்தியில் செத்தவர்கள் ஒரு தொகையாகிவிடுகிறார்கள். நேற்று இவ்வளவு, இன்று இவ்வளவு. இங்கேதான் அம்மம்மாவின் கண்டிப்பு எனக்கு முழுதாக விளங்கியது. இரண்டைச் சேர்த்துச் சொன்னால் முதல் வந்தவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார். ஒருவருக்கு ஒரு கதை, ஒரு கதைக்கு ஓர் இரவு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி வருடக்கணக்காக வீதியோரம் இருக்கிறார்கள். அங்கே போய்ப் பாருங்கள். ஒரு தாயின் கையில் ஒரு படம். எத்தனை பேர் என்று அந்தத் தாய் சொல்வதில்லை. மகனுக்கு என்ன கறி பிடிக்கும், கடைசியாக என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தான் என்றுதான் சொல்வார்.

வேதாளத்தின் கடைசிக் கேள்வி மற்றவற்றிலிருந்து வேறானது. ஒரு தகப்பன் வேறொருத்தியின் மகளையும் அவன் மகன் அந்தப் பெண்ணின் தாயையும் மணந்துகொண்டால், இரு பக்கமும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று வேதாளம் கேட்கிறது. அரசன் யோசிக்கிறான், விடை தெரியவில்லை, பேசாமல் நடக்கிறான். தலை வெடிக்கவில்லை. அவனுடைய மௌனம் நேர்மையானது என்று வேதாளம் ஏற்றுக்கொள்கிறது. சவத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு அவனைப் பலியிடக் காத்திருக்கும் யோகியின் சூழ்ச்சியையும் சொல்லிக் காப்பாற்றுகிறது.

இரண்டு மௌனங்களையும் அந்தக் கதை பிரித்து வைத்திருக்கிறது. வீதியோரத்தில் இருக்கும் தாய்க்கு உண்மையில் தெரியாது. பிள்ளை எங்கே என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. அந்த மௌனத்தில் குற்றம் இல்லை. யார் பிடித்தது, எங்கே கொண்டுபோனது, யார் குழி வெட்டியது என்று தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஓய்வூதியம் வாங்குகிறார்கள், பேரப்பிள்ளைகளுக்குக் கதையும் சொல்கிறார்கள். அவர்களுடைய மௌனம் வேறு.

பெறாமகள் திரும்பிப் போகுமுன் பாழ்கிணற்றுப் பெண்ணின் கதையை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். வரையப்போகிறாளாம். கிணறு எப்படி இருக்கும், துலா எந்தப் பக்கம், அவள் வைத்திருந்த பூ எது என்று கேட்டாள். எனக்கு ஞாபகம் இருந்த அளவுக்குச் சொன்னேன். வல்லை முனிக்கும் கொத்திக்கும் வேறு கிழவர் கிழவியரைத் தேடிப் போகச் சொன்னேன். குடாநாட்டுப் பேய்களை ஒவ்வொன்றாக வரைய ஒரு தலைமுறை வேண்டும். செம்மணியில் கிடந்தவர்களின் கதைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத இன்னொரு தலைமுறையும் வேண்டியிருக்கும். அந்த வேலையை எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் இப்போதே தொடங்கலாம். கேள்விக்கு விடை சொல்லும் கடமை மட்டும் எங்களுடையதல்ல. அது விடை தெரிந்தவர்களுடையது.